பவுத்திரம்: இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட் போதுமா, எம்.ஆர்.ஐ.யும் வேண்டுமா?

தாமிரபரணி எழுதியது:

வணக்கம். நேரில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். வயது 41, திருநெல்வேலிப் பக்கம். நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசனவாய்க்கு இடப்பக்கம் ஒரு கட்டி வந்தது. மூலம் என்று நினைத்துப் பத்து நாள் கைவைத்தியம் பார்த்தேன். காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீறிச் சீழை எடுத்தார்கள். வலி அன்றைக்கே போய்விட்டது. ஆனால் அந்த இடம் மூடவே இல்லை. நாலு நாள் காய்ந்திருக்கும், ஐந்தாம் நாள் வேட்டியில் கறை. பவுத்திரம், அதாவது ஆசனவாய்க்குள்ளிருந்து வெளித்தோல் வரை சீழ் வடியும் பாதை, என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன்னால் எந்த ஸ்கேனும் எடுக்கவில்லை, விரலால் மட்டும் பார்த்தார்கள். ஏழு மாதம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே ஒன்று, வலப்பக்கம் புதிதாக ஒன்று என்று இரண்டு துளை.

இப்போது மதுரையில் வேறொரு சர்ஜனைப் பார்த்தேன். ‘எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட் எடுத்து வாருங்கள், அதைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன்’ என்றார். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனோ, ‘அதெல்லாம் பழசு, நேராக எம்.ஆர்.ஐ. எடு’ என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? அல்ட்ராசவுண்டுக்கு ஆசனவாய்க்குள் ஒரு கருவியை விடுவார்களாமே, இந்த வலியோடு அதைத் தாங்க முடியுமா? வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இன்னும் மூலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒலியலை எழுதியது:

தாமிரபரணி, நான் ரேடியாலஜி மருத்துவர். 14 வருஷமாக இந்த ஸ்கேனை என் கையாலேயே செய்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பவுத்திரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஸ்கேன் தேவையில்லை. வெளியே துளையும் சீழும் இருக்கிறதே, அதுவே சாட்சி. தெரிய வேண்டியது வேறு. அந்தத் துளையில் தொடங்கும் பாதை எந்தத் தசையை எந்த உயரத்தில் துளைத்துக்கொண்டு போகிறது, ஆசனவாய்க்குள் அது திறக்கும் உள்வாய் எங்கே இருக்கிறது, வழியில் கிளை பிரிந்திருக்கிறதா. இந்த மூன்றும் தெரியாமல் கத்தி வைத்தால் இரண்டு ஆபத்து உண்டு. உள்வாயோ கிளையோ தப்பிவிட்டால் நோய் திரும்பும். தசையை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் மலத்தை, வாயுவை அடக்க முடியாமல் போகும். பின்னது வந்தால் சரிசெய்வது மிகக் கஷ்டம்.

ஆசனவாயைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. உள்வளையம் தானாகவே இறுகியிருப்பது. வெளிவளையம் நாம் நினைத்து இறுக்குவது. உள்ளே சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் சிறு சுரப்பிகள் திறக்கும் குழிகள் உண்டு. பெரும்பாலான பவுத்திரம் அங்கே அடைபட்ட ஒரு சுரப்பியில் சீழ் பிடித்துத்தான் தொடங்குகிறது. சீழ் இரண்டு வளையங்களுக்கும் நடுவிலேயே கீழே வழிந்து வெளியேறலாம், வெளிவளையத்தைத் துளைத்தும் வரலாம், அதற்கு மேலே ஏறிச் சுற்றியும் வரலாம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் சர்ஜன் ஆலன் பார்க்ஸும் கூட இருந்தவர்களும் 400 நோயாளிகளைப் பார்த்து 1976-இல் நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் ரிப்போர்ட்டில் எழுதுவது அந்த வகைகளைத்தான்.

எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட் வந்ததும் அதே ஆஸ்பத்திரியிலிருந்துதான். லா, பார்ட்ரம் என்ற இருவர் 1989-இல் அதைப் பற்றி எழுதினார்கள். விரல் தடிமனுக்குச் சற்றே அதிகமான ஒரு புரோப், நுனியில் 360 டிகிரி சுற்றும் படிகம். தசை வளையம் புரோப்புக்கு ஒட்டினாற்போல இருப்பதால் மிக நுணுக்கமாகத் தெரியும். உள்வளையம் கறுப்பு மோதிரம் மாதிரி, வெளிவளையம் வெளுத்த பட்டை மாதிரி. சீழ்ப்பாதை கறுப்புக் கோடாக இந்த இரண்டையும் கடக்கும். பழைய தழும்பும் கறுப்பாகவே தெரியும் என்பதுதான் சிக்கல். அதற்காகத்தான் வெளித்துளை வழியாக ஊசி இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் (கேனுலா) ஒன்றிரண்டு மில்லி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மறுபடி பார்க்கிறோம். 1993-இலேயே இந்த வழி பதிவாகிவிட்டது. உயிருள்ள பாதைக்குள் நுரை பொங்கி, கறுப்புக் கோடு வெள்ளையாக மின்னும். தழும்பு கறுப்பாகவே இருக்கும். உங்களைப் போல ஏற்கெனவே வெட்டுப்பட்டவர்களுக்கு இது பெரிய உதவி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அதிக அதிர்வெண் ஒலி பக்கத்தில் இருப்பதைத் துல்லியமாகக் காட்டும். தூரம் போகப் போக மங்கும். புட்டக் கொழுப்புக்குள் தூரமாகப் போன கிளையும், இடுப்புத்தள தசைக்கு மேலே ஏறிய சீழும் இதில் தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ.க்கு அந்தக் கஷ்டம் இல்லை. செயின்ட் மார்க்ஸிலேயே 2004-இல் 104 பேரிடம் மூன்று முறைகளையும் ஒப்பிட்டார்கள். பாதையைச் சரியாக வகைப்படுத்தியது விரல் பரிசோதனையில் 61 சதவீதம், எண்டோஏனல் அல்ட்ராசவுண்டில் 81, எம்.ஆர்.ஐ.யில் 90. உள்வாயைக் கண்டுபிடித்ததில் அல்ட்ராசவுண்ட் 91, எம்.ஆர்.ஐ. 97. அதாவது உள்வாய் விஷயத்தில் இரண்டுக்கும் இடைவெளி கம்மி. பாதையை வகைப்படுத்துவதில்தான் அதிகம்.

உங்களுக்கு இது இரண்டாம் முறை, வெளியே இரண்டு துளை. ஒரே ஒரு ஸ்கேனுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அல்ட்ராசவுண்டே என் பிழைப்பாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் சர்ஜன் சொன்னதிலும் தப்பில்லை. அவர் தசையைப் பார்க்க விரும்புகிறார். முதல் ஆபரேஷனில் எவ்வளவு தசை போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அல்ட்ராசவுண்ட் நன்றாகச் சொல்லும்.

கொங்குமகள் எழுதியது:

ஒலியலை டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் என் கதை. எனக்கு முன்பக்கம், பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் பவுத்திரம். முதலில் பார்த்த இடத்தில் ‘சின்னப் பாதைதான், வெட்டித் திறந்துவிடலாம்’ என்றார்கள். இரண்டாம் கருத்துக்குப் போன இடத்தில் ஒரு பெண் சர்ஜன், ‘பிரசவம் எப்படி நடந்தது?’ என்று கேட்டார். முதல் பிரசவம் ஆயுதம் போட்டு எடுத்தது, நிறையத் தையல். உடனே எண்டோஏனல் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வெளிவளையத்தில் முன்பக்கம் ஒரு பங்கு 11 வருஷமாகவே கிழிந்து கிடந்திருக்கிறது; எனக்கே தெரியாது. மிச்சம் இருந்ததையும் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. தசையைத் தொடாமல் நடுவில் பாதையை மட்டும் கட்டி வெட்டும் லிஃப்ட் ஆபரேஷன் செய்தார்கள். ஒன்றரை வருஷமாக நன்றாக இருக்கிறேன். பெண்கள் யாராவது இதைப் படித்தால், பிரசவத்தில் தையல் போட்டிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

அரங்கவிளக்கு எழுதியது:

நான் ஜெனரல் சர்ஜன், மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கிறேன். கொங்குமகள் சொன்னது ரொம்ப முக்கியம். பெண்களுக்கு முன்பக்கம் வெளிவளையம் இயல்பிலேயே குட்டை. அங்கே ஒரு சென்டிமீட்டர் வெட்டுவதும் பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் வெட்டுவதும் ஒன்றல்ல.

ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேனுக்கு ஓடுவார்களோ என்று எனக்குக் கவலை. முதல் முறை, ஒரே துளை, ஆசனவாய்க்கு மிகப் பக்கத்தில், தோலுக்கு அடியில் கயிறு மாதிரி விரலுக்குத் தட்டுகிற பாதை, அடக்குவதில் சிரமம் எதுவும் இல்லை. இப்படி ஒருவருக்கு அனுபவப்பட்ட விரலும் மயக்கத்தில் செய்யும் பரிசோதனையும் போதும். அமெரிக்கக் குடல் சர்ஜன்களின் வழிகாட்டுதலும் எல்லோருக்கும் ஸ்கேன் கட்டாயம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்தது, சிக்கலானது, குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்குத்தான் படம் பார்க்கச் சொல்கிறது. இன்னொன்று: கட்டி வீங்கிக் காய்ச்சல் அடிக்கும்போது ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் சீழ் வெளியேற வேண்டும். அந்த வலியில் புரோப்பை உள்ளே விடுவதும் கொடுமை.

தாமிரபரணிக்குப் படம் கட்டாயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. திரும்பி வந்த பவுத்திரம் உள்ள 71 பேரிடம் செய்த ஆய்வு 2002-இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்தது. எம்.ஆர்.ஐ. சொன்னதை எப்போதும் மதித்து ஆபரேஷன் செய்த சர்ஜன்களிடம் மறுபடி வந்தது 16 சதவீதம், மதிக்காதவர்களிடம் 57. சர்ஜனாக அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. படம் எடுத்தால் மட்டும் போதாது, அதை நம்பி வேலை செய்யவும் வேண்டும். இப்போதெல்லாம் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். படத்தில் கிளை இருந்து என் கைக்குக் கிடைக்கவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் தேடுவேன். முன்னெல்லாம் அங்கேயே முடித்துவிடுவேன்.

அப்புறம், எடுக்கும் திசுவைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டில் காசநோயும் பவுத்திரமாக வரும்.

தாமிரபரணி எழுதியது:

இவ்வளவு விவரமாக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி டாக்டர், நன்றி சகோதரி. புதன்கிழமைக்கு அல்ட்ராசவுண்ட் எழுதி வைத்திருக்கிறார்கள். வலி எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் மூன்று முறை எடுத்திருக்கிறேன். முதல் தடவை பயத்தில் இரவு முழுக்கத் தூங்கவில்லை. அவ்வளவு பயப்படத் தேவையே இல்லை. காலையில் சின்ன எனிமா கொடுத்து வயிற்றைக் காலி செய்துவிட்டு வரச் சொல்வார்கள். மயக்க ஊசி கிடையாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கிக்கொள்ள வேண்டும். புரோப்புக்கு ஆணுறை மாட்டி ஜெல் தடவி மெதுவாக விடுவார்கள். நுழையும்போது ஒரு இறுக்கம், மலம் வருகிற மாதிரி ஓர் உணர்வு. மூச்சை இழுத்து விட்டால் தளர்ந்துவிடும். உள்ளே போன பிறகு வலி இல்லை. பெராக்சைடு விடும்போது சுருக்கென்று எரிந்தது, ஒரு நிமிஷத்தில் அடங்கியது. பத்து நிமிஷத்தில் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போது வலிக்கும்.

வெட்கப்படாதீர்கள். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கே இந்த வியாதி வந்து, 1686 நவம்பரில் மயக்க மருந்து எதுவும் இல்லாமல் ஆபரேஷன் நடந்தது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். என் அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

சித்த மருத்துவத்தில் இதற்குக் கார நூல் சிகிச்சை இருக்கிறது. இலைக்கள்ளிப் பால், நாயுருவிக் காரம், மஞ்சள் தூள் மூன்றையும் நூலில் அடுத்தடுத்து 21 பூச்சு பூசிக் காயவைத்து, பாதைக்குள் கட்டி வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும். 1991-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் நடத்திய ஆய்வில் வெட்டித் திறந்தவர்களுக்கு 11 சதவீதம் திரும்பி வந்தது; கார நூலில் 4 சதவீதம்தான். ஆனால் ஆறுவதற்கு நாலு வாரத்துக்குப் பதில் எட்டு வாரம் ஆனது. ஸ்கேன், மயக்கம் என்று ஏன் இத்தனை அலைச்சல்?

அரங்கவிளக்கு எழுதியது:

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். கார நூலை ஏளனம் செய்யும் ஆள் நான் இல்லை. ஆனால் நூலை எந்தப் பாதைக்குள் விடுவீர்கள்? உள்வாய் எங்கே என்று தெரியாமல் கம்பியைத் தள்ளினால், இல்லாத இடத்தில் புது வழி உண்டாகிவிடும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கக் கிளைக்குள் நூல் போகவே போகாது. நூலும் மெதுவாக அறுக்கிறதே தவிர, தசையைத்தான் அறுக்கிறது. எந்த முறையானாலும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

உள்வாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் ஆசானும் துளை ஒன்றுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லித்தான் நூல் கட்டுகிறார். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இருபத்தாறு எழுதியது:

எனக்குக் குரோன்ஸ். ஊசி மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு இது ஒருமுறை எடுத்து முடிகிற ஸ்கேன் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். வெளியே துளை மூடினாலும் உள்ளே பாதை இருக்கும். என் டாக்டர் ஓர் ஆய்வைக் காட்டினார், 2001-இல் வந்தது. குரோன்ஸ் பவுத்திரத்தில் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் (இதுவும் உள்ளே விட்டுப் பார்ப்பதுதான்) 91 சதவீதம் சரி, எம்.ஆர்.ஐ. 87, மயக்கத்தில் சர்ஜன் பார்ப்பது 91. எதை வேண்டுமானாலும் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் 100. சின்ன ஆய்வுதான், ஆனால் இரண்டு கண் ஒரு கண்ணைவிட மேல் என்று எனக்குப் புரிந்தது. ஆசனவாய் சுருங்கியிருப்பதால் எனக்குப் புரோப் போகவில்லை. வெளியிலிருந்தே, வயிற்று ஸ்கேனுக்கு வைக்கிற மாதிரி, தோலின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அதில் வலியே இல்லை.

ஒலியலை எழுதியது:

இருபத்தாறு, அது டிரான்ஸ்பெரினியல் அல்ட்ராசவுண்ட். சாதாரண ஸ்கேன் மெஷினிலேயே செய்யலாம். சுற்றும் புரோப் எல்லா ஊரிலும் கிடைக்காது, இது கிடைக்கும். தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற சீழையும் பாதையையும் நன்றாகக் காட்டும். ஆழமானதற்கு நம்பக் கூடாது.

தாமிரபரணி, புதன்கிழமை போகும்போது இரண்டு விஷயம். ஒன்று, செய்பவர் இதை அடிக்கடி செய்கிறவரா என்று தயங்காமல் கேளுங்கள். இந்த ஸ்கேன் கருவியைவிடக் கையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இருக்கிற பாதையைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் சமம், இரண்டும் 87 சதவீதம். இல்லாத பாதையை இல்லை என்று சொல்வதில் எம்.ஆர்.ஐ. 69, அல்ட்ராசவுண்ட் வெறும் 43. தழும்பைப் பாதை என்று எழுதிவிடுவது இங்கே சுலபமாக நடக்கும் தப்பு. பழைய ஆபரேஷன் தாளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, ‘பவுத்திரம் இருக்கிறது’ என்று ஒரே வரியில் ரிப்போர்ட் வந்தால் வாங்காதீர்கள். உள்வாய் கடிகாரத்தில் எத்தனை மணி என்று இருக்க வேண்டும். முன்பக்கம் 12, முதுகுப் பக்கம் 6 என்பது எங்கள் வழக்கம். எந்த வகை, வெளிவளையத்தில் எவ்வளவு பங்கு பாதைக்குக் கீழே மாட்டியிருக்கிறது, கிளை எங்கே, பழைய வெட்டில் தசை விட்டுப்போயிருக்கிறதா, இதெல்லாம் வேண்டும். கிளையின் முனை தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதச் சொல்லுங்கள். சர்ஜனுக்கு அந்த ஒரு சொல் ரொம்ப உதவும்.

தாமிரபரணி எழுதியது:

ஸ்கேன் முடிந்தது. வைகைக்கரை அண்ணன் சொன்ன மாதிரியே பத்து நிமிஷம்தான். எரிச்சலும் அதே ஒரு நிமிஷம்.

பெராக்சைடு விட்டபோது அந்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இடப்பக்கத் துளையில்தான் மருந்தை விட்டார். வெள்ளைக் கோடு பின்பக்கமாக வளைந்து 6 மணியில் உள்ளே இறங்கியது; அப்புறம் அங்கிருந்து வலப்பக்கமும் ஓடியது. குதிரை லாடம் மாதிரி. இரண்டு துளைக்கும் ஒரே உள்வாய். பழைய ஆபரேஷனில் 4 மணிக்கு நேராக வெளியே இருந்ததை மட்டும்தான் திறந்திருக்கிறார்கள். 6 மணியில் இருந்த வாயை யாரும் தொடவே இல்லை. இரண்டு வருஷமாக எனக்கு உடம்பில் ஏதோ குறை, சரியாகச் சாப்பிடவில்லை, உட்கார்ந்தே இருக்கிறேன் என்றெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ரிப்போர்ட்டில், பாதை வெளிவளையத்தைத் துளைத்துப் போகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தசை மாட்டியிருக்கிறது, பழைய வெட்டில் உள்வளையம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, வலப்பக்கக் கிளையின் மேல்முனை தெளிவாகத் தெரியவில்லை என்று இருக்கிறது. ஒலியலை டாக்டர், அந்தத் ‘தெரியவில்லை’யை நான் கேட்காமலேயே அவர் எழுதினார்.

அரங்கவிளக்கு எழுதியது:

அருமையான ரிப்போர்ட். அந்தக் கடைசி வரிக்காகவே எம்.ஆர்.ஐ. எடுங்கள். மேல்முனை இடுப்புத்தள தசைக்குக் கீழே நிற்கிறதா, மேலே போயிருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி மாறும். எது எப்படி இருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால் வெட்டித் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

மதுரை சர்ஜனும் அதையேதான் சொன்னார். நேற்று எம்.ஆர்.ஐ. எடுத்தேன். மேல்முனை தசைக்குக் கீழேயே நிற்கிறது, மேலே ஏறவில்லை. அடுத்த வியாழக்கிழமை வலப்பக்கக் கிளையைத் திறந்து சுத்தம் செய்து, உள்வாய் வழியாகச் செட்டான் நூலைத் தளர்வாகக் கட்டப் போகிறார். தசையை அறுக்கிற நூல் இல்லை, சீழ் வடிவதற்கு மட்டும். இரண்டு மூன்று மாதத்தில் சீழ் நின்று பாதை ஒடுங்கியதும் லிஃப்ட் செய்யலாமா என்று முடிவு செய்வோம் என்றார். இரண்டு படத்தையும் தியேட்டருக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். திசுவைக் காசநோய்க்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னபோது, ‘அது என் தாளில் ஏற்கெனவே இருக்கிறது’ என்று எடுத்துக் காட்டினார்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் அண்ணா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘உங்க தாத்தாவுக்கும் இருந்துச்சுடா, சாகுற வரைக்கும் துணி வச்சுக் கட்டிக்கிட்டே வயலுக்குப் போனார்’ என்றார். வியாழக்கிழமை கூட வருகிறாராம்.

நூல் இருக்கும்போது ஆபீஸில் நாள் முழுக்க உட்காரலாமா?

கொங்குமகள் எழுதியது:

உட்காரலாம். எனக்கு லிஃப்டுக்கு முன்னால் மூன்று மாதம் நூல் இருந்தது. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் நூல் இருப்பதே மறந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை மாலை பத்து நிமிஷம் உட்காருங்கள். ஒரு பஞ்சுப் பட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

வியாழன் சாயங்காலம் யாராவது ஒருவர் இங்கே ஒரு வரி போடுங்கள். தம்பிக்கு முடியாவிட்டால் வீட்டில் போடச் சொல்லுங்கள்.